ரீகாவுக்கு வந்த தந்தி

அல்மா-அத்தா
15 நவம்பர் 1971

தோழர் துலேகன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நெல்லி உங்களிடம் கொடுப்பாள். அவளிடம் எதுவும் கேட்காதீர்கள். நம் நால்வர் இசைக் குழுவில் வியோலா வாசிப்பதுதான் அவள் வேலை, தூது போவதில்லை. எனக்காக ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று முன்தினம் அம்மாவின் நாற்பதாம் நாள் சாப்பாட்டில் மாமா உங்களைக் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. "ஏன்டா, நாங்க திங்கக்கிழமை ராத்திரியே தந்தி குடுத்துட்டமே. வந்து சேரலையா?" நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "லேட்டாத்தான் வந்துச்சு மாமா" என்றீர்கள். வந்தவர்கள் முன்னால் சண்டை வேண்டாம் என்று நான் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தேன்.

தந்தி தாமதமாக வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ரீகாவில் நாம் தங்கியிருந்த விடுதிக்கு வந்துவிட்டது. அதை வாங்கியவர் நீங்கள். இரவு பத்து மணிக்கு, போட்டியின் இறுதிச் சுற்று முடிந்து, நமக்கு இரண்டாம் பரிசு என்று அறிவித்த பிறகு, நடைவழியில் வைத்துச் சொன்னீர்கள். நாம் புதன் காலை கிளம்பி வியாழன் மதியம் ஊர் போய்ச் சேர்ந்தோம். அம்மாவைப் புதன் மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். செவ்வாய் மதிய விமானத்தைப் பிடித்திருந்தால் முகம் பார்த்திருக்கலாம். அட்டவணையை வாங்கி மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

குழுவைக் கலைக்க எனக்கு மனமில்லை. இங்கிருந்து ஓம்ஸ்க் வரை தேடினாலும் உங்களைப் போல் செல்லோ வாசிக்க ஆள் கிடைக்காது. இது பாராட்டு இல்லை, தகவல். ஆகையால் இன்று முதல் ஒத்திகையில் நமக்குள் இசை தவிர வேறு பேச்சு இல்லை. இசைத்தாளில் எந்தக் கட்டத்திலிருந்து, எவ்வளவு வேகம், எவ்வளவு சத்தம். அவ்வளவுதான். மற்றது எதுவாக இருந்தாலும் எழுதிக் கொடுங்கள்.

மாமாவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். அதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

சபூரா
குழுத் தலைவி

*

17 நவம்பர் 1971

அக்கா,

'தோழர்', 'அவர்கள்' எல்லாம் பார்த்ததும் பட்டாளத்திலிருந்து மறுபடி கூப்பிட்டுவிட்டார்களோ என்று நினைத்தேன். உன் கையெழுத்தைப் பார்த்து, அதைவிட இது மோசம் என்று தெரிந்துகொண்டேன்.

என் பக்கத்தை ஒரு தடவை கேள். பிறகு நீ விதித்தபடியே நடக்கிறேன்.

தந்தியைப் படித்ததும் என் கால் முதலில் உன் அறைப் பக்கம்தான் போனது. உள்ளே நீ வாசித்துக்கொண்டிருந்தாய். மூன்றாம் பகுதியின் அந்தக் கஷ்டமான ஏற்றம். முதல் தடவையாக ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

இசை மன்றத்தில் என்ன சொல்லி நம்மை அனுப்பினார்கள் என்று உனக்கு நினைவிருக்கும். பரிசு இல்லாமல் திரும்பினால் குழு இல்லை. ஒன்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்து நிலவறையில், கரி அடுப்புப் பக்கத்தில் விரல் காய்ச்சிக்கொண்டு வாசித்த குழு. நம் இரண்டாம் வயலின் ஹென்ரிக்கை எடுத்துக்கொள். ஜெர்மன்காரன் என்பதற்காகப் பதினைந்து வருஷம் மாதா மாதம் காவல் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டவன். பெரிய ஊர் எதிலும் அவனை வாசிக்க விட்டதில்லை. முதல் தடவையாக ஒரு நல்ல கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். உன்னிடம் சொன்னால் நீ கிளம்பியிருப்பாய். நான் உன்னோடு கிளம்பியிருப்பேன். அவனும் நெல்லியும் விடுதி வாசலில் நின்றிருப்பார்கள்.

அம்மா போய்விட்டாள். குழு இன்னும் போகவில்லை. அன்று நான் நினைத்தது இவ்வளவுதான். சரி என்று சொல்லவில்லை.

நானும் தெரிந்துகொண்டுதான் வாசித்தேன் என்பதை மட்டும் மறந்துவிடாதே. தந்தி என் கோட்டுப் பையில் இருந்தது. மெதுவான பகுதியில் நீ என்னைப் பார்த்துத் தலையசைக்கும் இடத்தில் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தேன்.

இன்னொன்று. நான் இரண்டு நரம்பு டோம்பிரா வாசித்துக்கொண்டு சந்தோஷமாகத் திரிந்தவன். ஆளை விடப் பெரிய இந்தப் பெட்டியை என் மடியில் கொண்டுவந்து வைத்தது நீ. "வயலினுக்கு நான் இருக்கேன். செல்லோவுக்கு ஆளில்ல. நீ உக்காரு." உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

துலேகன்

*

கரகந்தா
11 பிப்ரவரி 1973

தோழர் துலேகன் அவர்களுக்கு,

ரயிலில் நீங்கள் ஐந்தாம் பெட்டி, நான் ஏழாம் பெட்டி. நெல்லி குறுக்கே நடந்து வரப்போகிறாள், குளிரில் பாவம். சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒத்திகை இடைவேளையில் குதிரைக்கறித் தொத்திறைச்சி சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வில்லைத் தொடுங்கள். நேற்று உங்கள் வில்லின் முடியில் கொழுப்பு பட்டு, கடைசிப் பகுதியில் செல்லோ ஊமையாகிவிட்டது. முன்வரிசைச் சுரங்கத் தொழிலாளர்கள் அது அப்படித்தான் போலிருக்கிறது என்று கைதட்டிவிட்டார்கள். நான் தட்டமாட்டேன்.

கச்சேரி முடிந்ததும் பத்திரிகைக்காரப் பெண் நம் இருவரையும் ஒரே சோபாவில் உட்கார வைத்துக் கேட்டாளே, அதைப் பற்றி. "அக்காவும் தம்பியும் ஒரே மூச்சுல வாசிக்கறீங்க. இதுக்கு என்னங்க ரகசியம்?" நீங்கள் உடனே, "நாங்க அதிகம் பேசிக்கறதில்லைங்க" என்றீர்கள். ஹென்ரிக் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், மூக்கு வழியாக வந்துவிட்டது. இனி இப்படி வேண்டாம். அவள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாள்.

எனக்கு அரசாங்கம் கொடுத்த பட்டத்துக்கு உங்கள் வாழ்த்தை நெல்லி சொன்னாள். நன்றி. உங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். தலைவிக்கு மட்டும்தான் என்றார்கள்.

சபூரா

*

அல்மா-அத்தா
20 மே 1973

அக்கா,

ஜூன் ஒன்பதாம் தேதி எனக்குக் கல்யாணம். பெண் பெயர் ஷோல்பன். பல் டாக்டர். என்னைக் கேட்காமலே முதல் சந்திப்பில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவள்.

வீட்டுக்குள் மருமகள் நுழையும்போது மிட்டாய் வீச வேண்டும். அம்மா செய்ய வேண்டியது. அம்மா இல்லை. மாமாவை நேரில் போய் அழைத்தேன். நீ அவரிடம் சொன்ன நாளிலிருந்து என்னைக் கண்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறார். இந்தத் தடவை எழுந்து போகவில்லை. "பெத்தவ மண்ணுக்குப் போறப்ப வராதவன் வீட்டு விருந்துல எனக்கு என்னடா வேலை?" என்றார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

நீ வருவாயா? பேச வேண்டாம். மிட்டாய் மட்டும் வீசு.

துலேகன்

*

11 ஜூன் 1973

தோழர் துலேகன் அவர்களுக்கு,

நான் பேசாமல் கிளம்பியதை உங்கள் மனைவி தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், எனக்குத் தலைவலி என்று சொல்லிவிடுங்கள். நல்ல பெண். கைகள் பலமாக இருக்கின்றன.

ஒரு மிட்டாய் உங்கள் நெற்றியில் பட்டதே, அது வேண்டுமென்று வீசியது இல்லை.

சபூரா

*

4 அக்டோபர் 1976

அக்கா,

இதை எழுதலாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். ஷோல்பன்தான், "சொல்லாம மறைச்சு ஒரு தடவை பட்டது போதாதா உங்களுக்கு?" என்றாள்.

நான் உனக்கு நேர் எதிரே உட்காருகிறவன். பதினான்கு வருஷமாக உன் இடது கையைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். வசந்த காலத்திலிருந்து உன் சுண்டுவிரல் வேலை செய்யவில்லை.

மெதுவான பகுதியில் சுண்டுவிரல் வைக்க வேண்டிய இடத்துக்கு மோதிர விரலை இழுத்துக்கொண்டு போகிறாய். அழகாகத்தான் இருக்கிறது. கேட்பவர்கள் உருக்கம் என்று நினைப்பார்கள். வேகமான இடத்தில் அதற்கு நேரம் இல்லை. அதனால் வேகத்தைக் குறைத்தாய். வியன்னாக்காரரின் அந்தப் பெரிய நால்வர் இசையை நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டாய். "ஜனங்களுக்கு அலுத்துப்போச்சு" என்றாய். ஜனங்களுக்கு அலுக்கவில்லை அக்கா. நெல்லிக்குத் தெரியாது. ஹென்ரிக்குக்குத் தெரியும், சொல்லமாட்டான்.

ஒத்திகை முடிந்ததும் கையை மேசைக்கு அடியில் வைத்துத் தேய்த்துக்கொள்வதையும் பார்த்தேன். மரத்துப்போகிறதா? முழங்கையிலிருந்து வருகிறதா? ஷோல்பனுக்குத் தெரிந்த நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார். பெயரும் முகவரியும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

துலேகன்

*

9 அக்டோபர் 1976

தோழர் துலேகன் அவர்களுக்கு,

உங்கள் வேலை செல்லோ. என் விரல் உங்கள் வேலை இல்லை.

இன்று காலை இசை மன்ற இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். டீ கொடுத்தார். அவர் டீ கொடுத்தால் நல்லதுக்கு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். "உடம்பெல்லாம் எப்படி இருக்கு? கை நல்லா இருக்கா?" என்று கேட்டார். பதினான்கு வருஷத்தில் என் கையைப் பற்றிக் கேட்டவர் இல்லை. நீங்கள் எனக்கு எழுதி ஐந்தே நாள்.

அம்மா செத்த செய்தியைப் பதினொரு மணி நேரம் பையில் வைத்திருக்கத் தெரிந்தவருக்கு, இதை மட்டும் வைத்திருக்கத் தெரியவில்லையா?

மாஸ்கோவில் படித்துவிட்டு வந்த உல்மேகன் என்ற பெண்ணைப் பற்றியும் பேசினார். இருபத்தேழு வயது. "சும்மா ஒரு தடவை அவ வாசிக்கறதக் கேளுங்களேன்" என்றார். கேட்டேன். நன்றாக வாசிக்கிறாள். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

சபூரா

*

12 அக்டோபர் 1976

அக்கா,

நான் சொல்லவில்லை. நீ நம்பமாட்டாய் என்று நேரே இயக்குநரிடம் போய்க் கேட்டேன். வானொலிக்குக் கோடையில் பதிவு செய்தோமே, அதைப் பழைய பதிவோடு சேர்த்து வைத்துக் கேட்டாராம். "எனக்கும் காது இருக்குப்பா. நாற்காலில உக்கார்ந்திருக்கறதால செவிடாயிடல" என்றார்.

அவர் எண்ணம் இது. உல்மேகன் முதல் வயலினில் உட்கார வேண்டும். உனக்கு மாலை, மரியாதை, கன்சர்வேட்டரி இசைக் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை. "அவங்களுக்கு நாப்பத்திமூணு வயசு. கௌரவமா இறக்கி வெச்சிரலாம்" என்றார்.

"அக்கா போனா செல்லோவும் போகும்" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லைனு ஊரே சொல்லுது?"

"பேசாதது எங்க வீட்டு விஷயம். வாசிக்கறது உங்க விஷயம்" என்றேன்.

கோடை வரை தவணை வாங்கியிருக்கிறேன். அதற்குள் கையைக் காட்டு. அந்த டாக்டர் மாஸ்கோவுக்கு எழுதிக் கொடுப்பார், அங்கே அறுவை சிகிச்சை செய்கிறார்கள். என்னோடு சண்டை போட வேண்டுமானாலும் இரண்டு கை வேண்டும்.

துலேகன்

*

மாஸ்கோ
19 பிப்ரவரி 1977

துலேகன்,

இந்தக் கடிதத்தில் 'நீங்கள்' எழுத வரவில்லை. முயற்சி செய்து ஒரு தாளைக் கிழித்துவிட்டேன்.

அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. முழங்கையில் ஒரு நரம்பு எலும்புகளுக்கு நடுவில் நெரிபட்டிருந்ததாம். எடுத்து வேறு இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இன்று கட்டைப் பிரித்துச் சுண்டுவிரலை ஆட்டச் சொன்னார் மருத்துவர். ஆடியது. "வயலின் வாசிக்கலாமா?" என்றேன். "வாசிக்கலாம். பழைய வேகம் வருமான்னு என்னைக் கேக்காதீங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்தது.

பக்கத்துக் கட்டில்காரி தூலாவில் தையல் வேலை செய்கிறவள். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்து, "வீட்டுக்காரருக்கா?" என்றாள். தம்பிக்கு என்றேன். "தம்பிக்கா இத்தன பக்கம்!" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இயக்குநரிடம் நீ சொன்னதை எழுதியிருந்தாயே, 'அக்கா போனா செல்லோவும் போகும்' என்று. நான்கு மாதமாக அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. இனி சொல்லாமல் இருக்க முடியாது. சொல்கிறேன்.

ரீகாவில், அந்தச் செவ்வாய்க்கிழமை, பதினொன்றே காலுக்கு வெந்நீர் வாங்க நடைவழிக்கு வந்தேன். நம் மாடியைக் கவனித்துக்கொள்ளும் அம்மாள், சால்வை போர்த்திக்கொண்டு சாவிகளோடு உட்கார்ந்திருப்பாளே, அவள் கேட்டாள். "ஏம்மா, உங்க தம்பிகிட்ட ஒரு தந்தி குடுத்தேனே, பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

பார்க்கவில்லை. வெந்நீர்கூட வாங்காமல் அறைக்குத் திரும்பிக் கதவைப் பூட்டினேன். ஆகஸ்டிலிருந்து அம்மா தல்திகுர்கான் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரீகா வரை தேடி வந்து சேர நமக்கு வேறு என்ன தந்தி இருந்தது? உன் அறை நான்கு கதவு தள்ளி. போய்க் கேட்கவில்லை. கேட்டால் போக வேண்டியிருக்கும். இரண்டு மணி நேரம் அந்த ஏற்றத்தையே வாசித்தேன். சாயங்காலம் மேடையில் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினாயே. நானும் உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று.

இரவு நீ சொன்னபோது நான் போட்ட சத்தம் உனக்கு நினைவிருக்கும். அந்தச் சத்தத்தை நானே நம்பிவிட்டேன். ஊருக்குப் போய்ப் புது மண்ணைப் பார்த்த பிறகு, யார் மேலாவது பழி போட்டே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. உன் மேல் போட்டேன். மாமாவிடம் போய் உன்னைச் சொன்னேன். என்னைச் சொல்லவில்லை.

இவ்வளவுதான். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. இன்னொரு கடிதத்தில் எழுதுவேனோ என்னவோ.

சபூரா

*

அல்மா-அத்தா
6 மார்ச் 1977

அக்கா,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை ஷோல்பன் வாங்கிப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மாமா செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சாவதற்கு ஒரு மாதம் முன்பு போயிருந்தேன். என் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன், குழந்தையைப் பார்த்தாலாவது மனம் மாறும் என்று. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அவளோடு பேசினார், சிரித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார், "நீ மட்டும் வராம இருந்திருந்தா பரவால்லடா. சபூராவையும் பாக்க விடாம பண்ணிட்டியே" என்று. அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

நான் தந்தியை மறைத்தது என் தப்பு. அதை நான் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் உன் பங்கையும் சேர்த்துச் சுமந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். வாரத்துக்கு நான்கு நாள் எனக்கு எதிரே உட்கார்ந்து, "இருபதாவது கட்டத்துலேர்ந்து" என்று சொல்லிக்கொண்டே தெரிந்திருந்தாய்.

என்னிடம் சொன்னது போதாது. என்னால் ஒன்றும் செய்ய முடியாது இதை வைத்துக்கொண்டு.

ஒத்திகைக்கு வருவேன்.

துலேகன்

*

21 ஜூன் 1977

துலேகன்,

ஊருக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தேன்.

அத்தை வீட்டில் வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு, இருந்த இடத்திலிருந்தே சொன்னேன். தந்தி வந்தது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு கேட்காமல் வாசிக்கப் போனேன், துலேகன் தலையில் முழுதையும் போட்டேன் என்று. ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன், ஆனாலும் நடுவில் பேச்சு நின்றுவிட்டது. பவுர்சாக் என்ற பொரித்த ரொட்டித் தட்டை ஏந்தி வந்த பெண் அப்படியே நின்றாள். பெரியப்பா மகன், "அப்ப அந்தப் பையனை அத்தன வருஷம் வாசல்ல நிக்க வெச்சமே" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

அத்தை எழுந்து வந்தாள். என் கிண்ணத்தில் டீ ஊற்றினாள். "குடி" என்றாள். குடித்தேன். "இப்ப எழுந்து போய் அவர் கல்லறைகிட்ட சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்றே? நான் எப்பவும் அந்தப் பையனுக்குக் கதவைத் தொறந்து வெச்சவதான்" என்றாள். போனேன். அங்கேயும் சொன்னேன். காற்று பலமாக இருந்ததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. மேய்ச்சல்காரன் ஒருவன் குதிரையை நிறுத்தி வேடிக்கை பார்த்தான்.

பிறகு அம்மாவிடமும் போனேன். அங்கே பேசவில்லை.

இனிக் குழு விஷயம். ஹென்ரிக்குக்கு ஜெர்மனி போக அனுமதி வந்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கும். ஆகஸ்டில் கிளம்புகிறான். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து சொன்னான், இடுப்பில் பொத்தான் எட்டவில்லை. இரண்டாம் வயலின் இடம் காலி.

நான் இயக்குநரிடம் போய், உல்மேகனை முதல் வயலினில் உட்கார வையுங்கள், ஹென்ரிக் இடத்தில் நான் உட்காருகிறேன் என்றேன். என் சுண்டுவிரல் இரண்டாம் வயலினுக்குப் போதும். நடுக்குரலில் அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை. அவர் நம்பவில்லை. "தலைவியா இருந்தவங்க, பதினாறு வயசு சின்னவளுக்குப் பின்னாடி உக்காருவீங்களா?" என்றார். பின்னால் இல்லை, பக்கத்தில் என்றேன்.

தைரியமாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து வயலின் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை.

செல்லோ இருக்குமா போகுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். நீ எது சொன்னாலும் சரி. எழுதி அனுப்பு.

சபூரா

*

24 ஜூன் 1977

அக்கா,

அத்தை நேற்று எனக்கு ஃபோன் செய்தாள். ஊர் அஞ்சலகத்திலிருந்து, எல்லார் முன்னாலும், கத்திக்கொண்டு. பேசக் கிடைத்த மூன்று நிமிஷமும் அழுதாள்.

செல்லோ இருக்கும்.

துலேகன்

*

17 அக்டோபர் 1977

அக்கா,

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்காரவில்லை. சில நாள் மன்னித்துவிட்டது போல இருக்கிறது. மறுநாள் மாமா செருப்புப் பக்கத்தில் நின்று சொன்னது காதில் விழுகிறது. இப்படியே கொஞ்சகாலம் போகட்டும்.

நேற்றைய கச்சேரியைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது.

உல்மேகன் முதல் பகுதியை வேகமாகத் தொடங்கிவிட்டாள். மேடையில் முதல் தடவை நடுவில் உட்கார்ந்தால் எல்லாருக்கும் அப்படித்தான். பத்துக் கட்டம் போவதற்குள் நெல்லி திணறினாள். நான் பழக்கதோஷத்தில் உன்னைப் பார்த்தேன். பதினைந்து வருஷமாக எது ஆனாலும் உன்னைப் பார்த்தவன். நீ என்னைப் பார்க்கவில்லை. உல்மேகன் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தாய். சரி, அங்கே பார்க்கச் சொல்கிறாய் என்று நானும் பார்த்தேன். நீ அடியில் வில்லைக் கொஞ்சம் கனமாக இழுத்தாய், அவள் காதில் விழுகிற அளவுக்கு மட்டும். அவள் தானாகவே இறங்கி வந்தாள். தான் இறங்கியதாகத்தான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மெதுவான பகுதியில் நாற்பதாவது கட்டத்தில் நீ தாமதம். அது விரலால் வந்தது இல்லை. அவள் உன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருக்கிறாய். பார்க்கமாட்டாள், காத்திருக்காதே. உன் காலத்தில் நீயும் ஹென்ரிக்கைப் பார்த்ததில்லை.

முடிந்ததும் கைதட்டல். தலைவர் எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவது. உல்மேகன் எழவில்லை. எழ வேண்டும் என்றே அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை, வயலினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். சபை தட்டிக்கொண்டே இருக்கிறது. நெல்லி உன்னைப் பார்க்கிறாள். நான் உன்னைப் பார்க்கிறேன். முன்வரிசையில் இயக்குநர் உன்னைப் பார்க்கிறார். உன் வலது பாதம் தரையில் ஊன்றியதைப் பார்த்தேன். நீ எழுந்திருந்தால் மூவாயிரம் தடவை எழுந்தது போல நாங்கள் எல்லாரும் எழுந்திருப்போம், யாரும் தப்பாக நினைத்திருக்கமாட்டார்கள்.

நீ எழவில்லை. குனிந்து அவளிடம் ஏதோ சொன்னாய். அவள் எழுந்தாள். அதற்குப் பிறகு நீ. அதற்குப் பிறகு நாங்கள்.

என்ன சொன்னாய் அவளிடம்?

அத்தை இந்த வாரம் இங்கே வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு மூன்று வயது. ஷோல்பன் உன்னையும் வரச் சொன்னாள். நானும்தான்.

துலேகன்

*

19 அக்டோபர் 1977

துலேகன்,

"எழுந்துக்கோம்மா, உனக்குத்தான் தட்டறாங்க" என்றேன். வேறொன்றும் இல்லை.

நாற்பதாவது கட்டத்தை நேற்று முழுதும் வாசித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

நான் எழாமல் இருந்ததை நீ பெரிதாக எழுதியிருந்தாய். எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது, அதனால்தான் எழவில்லை என்று பதில் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியும்விட்டேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். உனக்கு இனிப் பொய் எழுதக் கூடாது.

கால் நன்றாகத்தான் இருந்தது. எழாமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிறு வருகிறேன்.

அக்கா